அலையில் குதித்த இருவர்: பொன்னியின் செல்வனும் ஓ'பிரையனின் கடல் நாவல்களும்

வீராணம் ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனைக் கீரப்பாளையம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வாசகர்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளையாகவே கொண்டாடுவார்கள். மினோர்காத் தீவின் போர்ட் மஹோன் துறைமுகத்தில், ஓர் இசைக் கச்சேரியில் அறிமுகமாகும் ஜாக் ஆப்ரியையும் ஸ்டீபன் மாட்டுரினையும் அதே உரிமையோடு கொண்டாடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்குக் கல்கி. இரண்டாவது கூட்டத்துக்குப் பேட்ரிக் ஓ'பிரையன். இந்த இரண்டு கூட்டத்திலும் ஒரு சாரார் சில காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். அருள்மொழிவர்மனுக்கும் வந்தியத்தேவனுக்கும் நடுவில், ஜாக்குக்கும் ஸ்டீபனுக்கும் நடுவில், ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாத காதல் ஒன்று ஓடுகிறதா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இரு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒரே ஐயம் இரண்டு மண்ணில் எப்படி முளைக்கிறது, எங்கே ஒன்றுபோல் வளர்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது.

முதல் ஒற்றுமை, இரண்டு நட்புமே சண்டையில் பிறந்தவை. போர்ட் மஹோனில் ஜாக் தாளம் தப்பித் தொடையில் தட்ட, பக்கத்தில் இருந்த ஸ்டீபன் முழங்கையால் இடிக்கிறான். பேச்சு முற்றி, வாளோ துப்பாக்கியோ எடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஈழத்தில் அருள்மொழிவர்மர் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமலே வந்தியத்தேவனோடு மோதி, அவன் தோள்வலியைச் சோதித்த பிறகுதான் அவன் கொண்டுவந்த ஓலையைப் பற்றிப் பேசுகிறார். அங்கே சண்டை மூளாமல் தடுத்தது, ஜாக்குக்கு அன்றிரவு வந்த கப்பல் தலைமைப் பதவியின் மகிழ்ச்சி. இங்கே சண்டை நடந்து முடிந்ததே மகிழ்ச்சியாகிறது. உடல் உடலோடு உரசிய பிறகே மனம் மனத்தைத் தொடுகிறது என்பதை ஐயப்படும் ரசிகர்கள் இரண்டு இடத்திலும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது ஒற்றுமை, இணையின் அமைப்பு. ஸ்டீபன் மருத்துவன், இயற்கை ஆய்வாளன்; மறைவில் ஒற்றன். வந்தியத்தேவன் வீரன், வாயாடி. கையில் ஓலை உள்ள தூதன், தேவைப்பட்டால் ஒற்றன். இருவருமே தரைக்காரர்கள். எத்தனை ஆண்டுகள் கப்பலில் கழித்தாலும் ஸ்டீபனுக்குப் படகிலிருந்து கப்பலில் ஏறுவதே ஒரு கண்டம். கோடிக்கரைக்கு அப்பால் பூங்குழலியின் படகிலிருந்து கடலில் விழும் வந்தியத்தேவனுக்கு நீந்தவே தெரியாது. மறுபக்கம் ஜாக்கும் அருள்மொழியும் கட்டளையிடுகிறவர்கள், தண்ணீருக்கு அஞ்சாதவர்கள். ஒருவர் கையில் கப்பல், இன்னொருவர் கையில் ஒரு படையும் வருங்கால அரசும். இப்படி ஒருவருக்கு இல்லாததை மற்றவருக்குக் கொடுத்துப் படைப்பது நட்புக்கதையின் பழைய உத்தி. காதல் கதையின் உத்தியும் அதுதான்.

இந்த இரண்டு அமைப்பும் எதிர்பாராமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடம் நடுக்கடல். ஓ'பிரையனின் ஜாக்–ஸ்டீபன் நாவல் வரிசையில் பத்தாவதான, 1984-ஆம் ஆண்டின் 'தி ஃபார் சைட் ஆஃப் த வேர்ல்ட்' கதையில், ஓர் இரவு ஸ்டீபன் கப்பலின் பின்பக்கச் சன்னலிலிருந்து பசிபிக்கில் விழுகிறான். ஜாக் தயங்காமல் பின்னாலேயே பாய்கிறான். கப்பல் தலைவன் இறங்கிவிட்டது தெரியாமலே கப்பல் போய்விடுகிறது. பொன்னியின் செல்வனில், இளவரசர் இருப்பதாக நினைத்துப் பகைவர் கப்பலில் ஏறிய வந்தியத்தேவன் பாய்மரத்தில் கட்டுண்டு கிடக்கிறான். சுழிக்காற்று, இடி, தீ. பார்த்திபேந்திரனின் கப்பலில் பத்திரமாக நின்றிருக்கக் கூடிய அருள்மொழி அவனை மீட்கப் போகிறார். இருவரும் மரத்தைப் பற்றிக்கொண்டு அலையில் மிதக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் வியப்பு. இரண்டு கதையிலும் மிதக்கும் ஆண்களைக் கண்டெடுப்பது பெண் செலுத்தும் படகு. ஓ'பிரையனில் அது பாலினேசியப் பெண்கள் மட்டுமே ஓட்டும் பெரிய இரட்டைத் தோணி. அவர்களுக்கு ஆண் என்றாலே வெறுப்பு, ஜாக்கின் ஆண்மைக்கே ஆபத்து வருகிறது. கல்கியில் அது பூங்குழலியின் ஒற்றைப் படகு. அவளுக்கும் ஆண்கள் மேல் கசப்பு உண்டு, ஆனால் உள்ளே இளவரசர்மேல் ஏக்கமும் உண்டு. ஒருவர் எழுத்தை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் எல்லாவற்றையும் விட்டுக் குதித்த உடனே, இரு ஆசிரியரும் அவசரமாக ஒரு பெண்ணைக் கடலுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கதை கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒரு காரணம். அந்த இருவரை அந்தத் தனிமையிலேயே விட்டுவிடக் கதையே அஞ்சுகிறது என்பது ரசிகர்கள் சொல்லும் இன்னொரு காரணம்.

இந்தப் பாய்ச்சலில் வேறுபாடும் உண்டு. ஜாக் குதிப்பது பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு. அதற்குள் அவர்கள் எத்தனையோ காலைகளில் ஒன்றாகக் காபி குடித்திருக்கிறார்கள், ஒருவர் குறட்டையை மற்றவர் சகித்திருக்கிறார்கள், இரவில் வயலினும் செல்லோவும் சேர்த்து வாசித்திருக்கிறார்கள். அருள்மொழி குதிப்பதோ சில நாள் அறிமுகத்தில். அதனால் ஓ'பிரையனின் ரசிகர்கள் அங்கே ஒரு நீண்ட தாம்பத்தியத்தைக் காண்கிறார்கள்: முணுமுணுப்பு, மன்னிப்பு, பழகிய மௌனம். கல்கியின் ரசிகர்கள் இங்கே கண்டதும் மூண்ட ஒன்றைக் காண்கிறார்கள்: வியப்பு, துடுக்கு, உயிரைப் பணயம் வைக்கும் வேகம். முன்னதற்குச் சான்று அன்றாடம். பின்னதற்குச் சான்று ஆபத்து.

இனி பெண்களை வைத்து எடை போடுவோம். இலக்கியத்தில் இரண்டு ஆண்களின் பிணைப்பு ஒரு பெண்ணின் வழியாகவே ஓடும் முக்கோணத்தை அமெரிக்கத் திறனாய்வாளர் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்ஜ்விக் 1985-இல் ஒரு முழு நூலாக ஆராய்ந்தார். அந்த அளவுகோல் இங்கே இரண்டு கதைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜாக் மணப்பது சோஃபியை. ஸ்டீபன் மணப்பது அவள் உறவுக்காரி டயானாவை. நண்பர்கள் உறவினராகிவிடுகிறார்கள். வந்தியத்தேவன் மனம் கொடுப்பது குந்தவைக்கு. அவள் தம்பிதான் அருள்மொழி. இங்கும் நட்பு உறவாகக் கனிகிறது. நடுவில் 'போஸ்ட் கேப்டன்' நாவலில் டயானாவுக்காக இரு நண்பரும் ஒருவரையொருவர் சுடும் நிலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். கல்கியில் அப்படியொரு போட்டி இந்த இருவருக்குள் இல்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடம் கந்தமாறனின் கடம்பூர் அரண்மனை. செட்ஜ்விக்கின் முக்கோணத்துக்குப் பொன்னியின் செல்வனில் மிக நுட்பமான எடுத்துக்காட்டு அருள்மொழியின் நட்பில் இல்லை, கந்தமாறனின் நட்பில் இருக்கிறது. எல்லைப் படையில் பழகிய தோழன் வந்தியத்தேவனைப் பற்றித் தங்கை மணிமேகலையிடம் அவன் ஓயாமல் பேசுகிறான். தங்கையைப் பற்றித் தோழனிடமும் பேசுகிறான். காணாத ஒருவன்மேல் அவளுக்குக் காதல் வருவது அண்ணன் வாய்ச்சொல் ஒன்றாலேயே. பிறகு குத்துப்பட்டுக் கிடக்கும் கந்தமாறன், குத்தியவன் நண்பனே என்று நம்பி, அதே தீவிரத்தோடு வெறுக்கவும் செய்கிறான். மணிமேகலையின் நெஞ்சில் குடியேறிய அந்தக் காதல் முதலில் யாருடைய நாவில் இருந்தது என்று ஒரு வாசகர் கேட்டால், பதில் சொல்ல நாம் தடுமாறத்தான் வேண்டும். ஊகம் செய்கிற ரசிகர்கள் கடலையே பார்த்துக்கொண்டு இந்த அரண்மனையைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஊகத்துக்கு இடம் தருவது மௌனம். ஆனால் இருவர் மௌனமும் ஒரே வகை அல்ல. ஓ'பிரையன் தன்பால் ஈர்ப்பைப் பற்றிப் பேசாதவர் அல்லர். முதல் நாவலிலேயே சோஃபி என்ற போர்க்கப்பலின் வழிநடத்துநர் மார்ஷல் தன் தலைவன் ஜாக்மேல் மனம் வைத்திருக்கிறார். கப்பலில் பலருக்குத் தெரிகிறது, ஜாக்குக்கு மட்டும் புரிவதில்லை. 1994-இல் வந்த 'தி கமோடோர்' கதையில் டஃப் என்ற கப்பல் தலைவர் வருகிறார். ஜாக்கின் கவலை அவருடைய ஆசை எத்தகையது என்பதில் இல்லை, அதனால் கப்பலின் ஒழுங்கு குலையுமா என்பதில்தான் இருக்கிறது. ஆகவே ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். சொல்லத் தெரிந்தவர் நாயகர்களைப் பற்றிச் சொல்லவில்லையென்றால் அங்கே ஒன்றுமில்லை என்பது ஒரு கட்சி. சொல்லத் தெரிந்தவர் இங்கே மட்டும் நிறுத்திக்கொண்டதே பொருள் உள்ளது என்பது மறு கட்சி.

கல்கியின் மௌனம் வேறு. 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரந்தோறும் குடும்பமே சுற்றி உட்கார்ந்து படித்த தொடரில், மார்ஷலுக்கும் டஃபுக்கும் இடமே கிடையாது. எங்குமே பேசப்படாத பொருளைப் பற்றி, ஓரிடத்தில் பேசவில்லை என்று சொல்லி எதையும் நிறுவ முடியாது. ஓ'பிரையனின் மௌனம் திறந்த வீட்டில் பூட்டிய ஒரே அறை. கல்கியின் மௌனம் வரைபடத்திலேயே இல்லாத அறை. முதலாவது ஐயத்தைத் தூண்டுகிறது. இரண்டாவது வாசகரையே கட்டச் சொல்கிறது.

சட்டமும் இந்த மௌனங்களுக்குப் பின்னால் நிற்கிறது. ஓ'பிரையன் வரையும் அரச கடற்படையின் போர்ச் சட்டத்தில் ஆணும் ஆணும் கூடுவதற்கு மரண தண்டனை இருந்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதிய எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களிலும் அதே சட்டம்தான் ஓடியது. அந்தச் சட்டத்தின் கரையேறிய பங்காளிதான் 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377. இங்கிலாந்தில் 1967-இல் தடை தளர்ந்தது. இரண்டாண்டு கழித்து ஓ'பிரையனின் இந்த வரிசையின் முதல் நாவல் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் படைகளில் தடை தொடர்ந்தது; அது நீங்கிய 2000 ஜனவரி 12-க்குப் பத்து நாள் முன்பு அவர் இறந்தார். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவு 377-ஐக் கட்டுப்படுத்தியது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு பால்புதுமையர் குறித்த தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அடுத்த மாதம் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் திரைக்கு வந்தது. 1954 டிசம்பரில் மறைந்த கல்கி எண்ணிப் பார்த்திராத வாசிப்புக்கு இப்படிக் காலமே களம் அமைத்துத் தந்தது.

திரைப்படம் இரண்டு கதைக்கும் புதிய தலைமுறை ரசிகர்களைக் கூட்டியது. 2003-இல் பீட்டர் வீர் எடுத்த படத்தில் ரஸ்ஸல் குரோவும் பால் பெட்டனியும் சேர்ந்து வாசித்த இசையில், ஜாக்–ஸ்டீபன் இணையை விரும்பியவர்கள் தங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கண்டார்கள். தமிழில் நடந்தது எதிர்பாராதது. கார்த்தியும் ஜெயம் ரவியும் கடலில் தத்தளித்த காட்சியைக் காட்டிலும், குந்தவையாக த்ரிஷாவும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் ஒருவரையொருவர் அளந்து பார்த்த பார்வையில்தான் இளையவர் பலரின் ஊகம் போய்த் தங்கியது. ஆங்கிலக் கடல் கதையில் ஆண்கள். தமிழ்க் கடல் கதையில் பெண்கள், அதுவும் பகைவர்கள்.

ஏன் இந்த இடமாற்றம்? ஓ'பிரையனின் கப்பலில் பெண்கள் அரிது என்பது எளிய விடை. ஆழமான விடை தமிழின் நட்பு மரபில் இருக்கிறது. ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள பெருநெருக்கத்துக்கு அந்த மரபு ஏற்கெனவே மாளிகை கட்டி வைத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் காணாத பிசிராந்தையார் வந்து உடன் உயிர் துறந்தார். பரிமேலழகர் குறளுக்கு உரை சொல்லும்போது அவர்களையே காட்டுகிறார். அதே மணிரத்னம் 1991-இல் 'தளபதி'யில் கர்ணனையும் துரியோதனனையும் இன்றைய தெருவில் நடமாட விட்டபோது, ஐயம் எழவில்லை, கண்ணீர்தான் எழுந்தது. அருள்மொழியும் வந்தியத்தேவனும் எவ்வளவு நெருங்கினாலும் அந்த மாளிகை அவர்களை மிச்சமின்றி உள்வாங்கிக்கொள்ளும். ஒருவரையொருவர் விட்டுக் கண்ணெடுக்க முடியாத இரண்டு பெண்களுக்கு அப்படியொரு மாளிகை இல்லை. இடமில்லாத உணர்ச்சிதான் ஊகத்தைக் கூப்பிடுகிறது.

இங்கிலாந்துக் கதையில் நிலைமை தலைகீழ். தடைசெய்யப்பட்ட ஆசைக்கு அங்கே சட்டத்திலும் வசையிலும் பெயர்கள் நிறைய; உயிர் கொடுக்கும் நட்புக்கு அந்த அளவு பேச்சு இல்லை. ஆகவே ஜாக் கடலில் குதிக்கும்போது வாசகர் கையில் கிடைக்கும் அருகிலுள்ள விளக்கம் காதல். தமிழ் வாசகர் கையில் கிடைக்கும் அருகிலுள்ள விளக்கம் நட்பு. ஒரே செயல், இரண்டு கைக்கெட்டும் தூரம்.

ஆனால் தமிழில் ஆண் ஆணை நோக்கிக் காதல் பேசியதே இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வீராணத்தின் கரையிலுள்ள காட்டுமன்னார்கோயிலே அதற்குச் சாட்சி. திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் ஊர் அது. கல்கி முதல் பாகத்திலேயே ஆழ்வார்க்கடியானை அந்த ஊர்க் கோயிலில் நம்மாழ்வாரின் பாசுரம் பாட வைத்து, கேட்டு நிற்கும் ஒரு சிறுவனையும் காட்டுகிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் மாறித் திருமாலுக்காக உருகியதை உரைகாரர்கள் தலைமுறை தலைமுறையாக விளக்கியிருக்கிறார்கள்: இங்கே பேசுவது தலைவியா, தாயா, தோழியா, வெளிப்பொருள் எது, உட்பொருள் எது. பெண் குரல் என்ற ஆடை இருந்தால் ஆண் நெஞ்சு எவ்வளவும் பேசலாம் என்று அந்த மரபு அனுமதித்தது. ஜாக்குக்கும் ஸ்டீபனுக்கும் அந்த ஆடை இசை. பகலில் ஒருவரிடம் ஒருவர் சொல்ல முடியாததை இரவில் இரண்டு கருவிகள் பேசிக்கொள்கின்றன.

அந்த வகையில் ரசிகர்களின் ஊகம் உரைகாரர் வேலையின் இளைய உறவு. இரண்டுமே மூலத்தை மாற்றாமல் அதன் இடைவெளியில் நின்று பேசுகின்றன. உரைகாரருக்கு இருந்த கட்டுப்பாடு ரசிகருக்கும் இருக்க வேண்டும்: நூலில் தெளிவாக உள்ளதை மறைத்து ஊகம் செய்யக் கூடாது. ஜாக்கின் பெண் மோகம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது; வந்தியத்தேவன் குந்தவையிடம் மயங்கியது நாவலின் முதுகெலும்பு. இவற்றைத் திரை என்று ஒதுக்குவது நேர்மையான வாசிப்பு ஆகாது. அதே சமயம், பெண்ணை விரும்பியதாலேயே நண்பன்மேல் உள்ளது வேறெதுவாகவும் இருக்க முடியாது என்பதும் ஊகம்தான். அதை யாரும் ஊகம் என்று அழைப்பதில்லை, அவ்வளவே.

எதிர்ப்பாளர்களின் குரலுக்கும் எடை உண்டு. எந்த நெருக்கத்தையும் உடனே காமமாக்கினால் நட்பு என்ற அரிய பொருள் ஏழையாகிவிடும் என்கிறார்கள். பிசிராந்தையாரை அறிந்த மொழியில் இந்தக் கவலை நியாயமானது. மறுதரப்பின் பதிலும் நியாயமானது: நூறு காதல் கதைகளில் தன்னைப்போல் ஒருவரைக்கூடக் காணாத வாசகர், பிடித்த நூலின் இடைவெளியில் தனக்கு ஒரு திண்ணை தேடினால் நூலுக்கு என்ன குறைவு? முதல் தரப்பு நட்பின் பரப்பைக் காக்கிறது. இரண்டாம் தரப்பு காதலின் பரப்பைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே வயலின் இரண்டு வரப்பு.

இந்த இரண்டு தரப்பும் மறந்துவிடும் ஓர் ஒற்றுமை உண்டு. ஜாக்குக்கு வரலாற்றில் முன்மாதிரி தாமஸ் காக்ரன். 1801-இல் சிறிய ஸ்பீடி கப்பலைக் கொண்டு பெரிய ஸ்பானியக் கப்பலைப் பிடித்தவர். ஸ்டீபன் முழுக் கற்பனை. அருள்மொழி ராஜராஜன், வந்தியத்தேவனைத் தஞ்சைக் கல்வெட்டு குந்தவையின் கணவராகப் பெயரளவில் சொல்வதோடு சரி. ஆக, இரு கதையிலும் நாயகனுக்கு வரலாறு உண்டு, நட்புக்கு வரலாறு இல்லை. அந்த நட்பை ஆசிரியர்கள்தான் படைத்தார்கள்; வரலாறு விட்ட இடத்தில் அவர்கள் ஊகித்தார்கள். அவர்கள் விட்ட இடத்தில் ரசிகர்கள் ஊகிக்கிறார்கள்.

சோழர் கடற்படையை வைத்து இனி எழுதும் தமிழ் நாவலாசிரியர் ஒரு மார்ஷலையும் ஒரு டஃபையும் வெட்கமின்றிப் படைத்துவிட்டால் இந்த ஊகங்கள் ஓய்ந்துவிடும் என்று சிலர் நம்பலாம். ஓ'பிரையனின் அனுபவம் நேர்மாறானது. அவர் பெயர் சொல்லிக் காட்டிய பிறகும் ஊகம் குறையவில்லை. மார்ஷலைக் காட்டியவர் ஜாக்கைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேள்வி இன்னும் கூர்மையானது. வெளிப்படையாகப் பேசும் இலக்கியத்திலும் ஊகம் இருக்கும், பேசாத இலக்கியத்திலும் இருக்கும். வித்தியாசம் ஒன்றுதான்: முன்னதில் வாசகர் ஆசிரியரோடு வாதாடுகிறார், பின்னதில் தன் சமூகத்தோடு வாதாட வேண்டியிருக்கிறது.